பிளாக்தார்ன்: மிதவைகளைப் பராமரித்த ஒரு கப்பலின் 36 ஆண்டுகள்

நீங்கள் கேட்டவை மூன்று கேள்விகள். மிதவைக் கப்பல் என்பது என்ன வேலை செய்யும்? அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் பிளாக்தார்ன் தன் காலத்தில் எங்கெங்கே பணிபுரிந்தது? கப்பல் வழிகளுக்கு அடையாளம் வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கப்பல், அடையாளம் வைக்கப்பட்ட ஒரு வழியிலேயே எப்படி மோதி மூழ்கியது, அதில் யார் தவறு? மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் போவதே பலருடைய வழக்கம். 36 ஆண்டுகள் பணியில் இருந்த கப்பலை அதன் கடைசிச் சில நிமிடங்களை வைத்தே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நடந்ததைப் புரிந்துகொள்ள, அது எப்படிப்பட்ட கப்பல் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம் என்பதால், நான் தொடக்கத்திலிருந்தே வருகிறேன்.

அமெரிக்காவில் கலங்கரை விளக்கங்களையும் மிதவைகளையும் கவனித்துவந்த தனித் துறை 1939-இல் கடலோரக் காவல் படையோடு இணைக்கப்பட்டது. அந்தத் துறையின் கப்பல்களுக்குச் செடி, கொடி, மரங்களின் பெயர்களை வைக்கும் பழைய வழக்கம் இருந்தது. இணைப்புக்குப் பிறகும் அது விடப்படவில்லை. பிளாக்தார்ன் என்பதும் கரிய பட்டையும் கூரிய முட்களும் உடைய ஒரு புதர்ச் செடியின் பெயரே. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 முதல் 1944 வரையிலான காலத்தில், 180 அடி நீளமுள்ள ஒரே அமைப்பில் 39 கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றில் ஒன்று மட்டும் பால்டிமோர் அருகே படையின் சொந்தத் தளத்தில் கட்டப்பட்டது. மீதி 38-உம் கடலிலிருந்து வெகுதொலைவில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில் இருக்கும் டுலூத் நகரில், இரண்டு நிறுவனங்களின் கட்டுமானத் தளங்களில் உருவாயின. பிளாக்தார்ன் அந்த 38-இல் ஒன்று. 1943 ஜூலையில் நீரில் இறக்கப்பட்டு, 1944 மார்ச் 27 அன்று பணியில் சேர்ந்தது. அதன் எண் 391.

180 அடி என்றால் சுமார் 55 மீட்டர். அகலம் 37 அடி. ஏறத்தாழ 1,000 டன் எடை. இரண்டு டீசல் எந்திரங்கள் மின்சாரம் உற்பத்தி செய்ய, அந்த மின்சாரத்தில் ஒரு பெரிய மோட்டார் சுழன்று, ஒரே ஒரு சுழலியைத் திருப்பும். வேகம் சுமார் 13 நாட், அதாவது மணிக்கு 13 கடல் மைல். போர்க்கப்பல்களோடு ஒப்பிட்டால் மெதுவான கப்பல்தான். டீசலை நேராகச் சுழலியோடு இணைக்காமல் மின்மோட்டாரை நடுவில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மிதவையை நெருங்கும்போது கப்பல் ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று அசைந்து அசைந்து நிற்க வேண்டும். சுழலியை நொடிக்கு நொடி திருப்பி இயக்க மின்மோட்டார்தான் வசதி. முன்பக்கம் பனிக்கட்டியை உடைக்கும் வகையில் சரிவாகவும் உறுதியாகவும் அமைக்கப்பட்டிருந்தது. போர்க்காலம் என்பதால் பீரங்கியும், நீர்மூழ்கிகளைத் தாக்கும் வெடிகுண்டுகளும் பொருத்தப்பட்டிருந்தன. ஏரியில் பனி உடைக்கவும், கடலில் மிதவை தூக்கவும், வேண்டுமானால் சண்டையிடவும், ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கவும் ஒரே கப்பல் போதும் என்ற எண்ணத்தில் வரையப்பட்ட அமைப்பு அது. இப்படி எல்லாவற்றுக்கும் என்று வரையப்படும் கப்பல்கள் பெரும்பாலும் எதற்கும் சரிப்படாமல் போகும். இந்த வகை அப்படிப் போகவில்லை என்பதற்கு, அவற்றில் கடைசியான அகேசியா 2006 வரை பணியில் இருந்ததே சான்று.

இனி வேலைக்கு வருவோம். நம் கரையோரங்களில் மிதவையைப் போயா என்றே சொல்வார்கள். கரையில் இருந்து பார்ப்பவருக்கு அது தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புப் பீப்பாய் போலத் தோன்றும். உண்மையில் கண்ணுக்குத் தெரிவது பாதிதான். கடலடியில் பல டன் எடையுள்ள கான்கிரீட் பாளம் ஒன்று கிடக்கும். அதிலிருந்து தடித்த இரும்புச் சங்கிலி மேலே வந்து மிதவையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அலை ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தச் சங்கிலியின் ஒரு பகுதி கடலடித் தரையில் உரசிக்கொண்டே இருக்கும். மணலில் உரசும் அந்த வளையங்கள் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். அவற்றை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் ஒரு புயல் நாளில் சங்கிலி அறுந்து மிதவை போய்விடும். அப்படிப் போவதைவிட மோசமானது, மிதவை தன் பாளத்தையும் இழுத்துக்கொண்டு சற்றே நகர்ந்து, பார்வைக்கு ஒழுங்காக நிற்பது போல வேறோர் இடத்தில் நிற்பது. காணாமல் போன மிதவையை மாலுமி கவனித்துவிடுவார். இடம் மாறிய மிதவையை நம்பிப் போய்த் தரைதட்டுவார்.

ஆகவே மிதவைக் கப்பல் ஒவ்வொரு மிதவையையும் முறை வைத்துத் தேடிப் போகும். நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக நெருங்கும். தாழ்வாக அமைந்த முன் தளத்தில் நிற்கும் ஆட்கள் விளிம்பில் சாய்ந்து, மிதவையின் வளையத்தில் கொக்கியை மாட்டுவார்கள். 20 டன் வரை தூக்கக்கூடிய தூக்குக் கை அதை மேலே எடுக்கும். கப்பலும் ஆடிக்கொண்டிருக்க, தூக்கப்பட்ட பல டன் இரும்பும் ஆடிக்கொண்டிருக்க, ஈரத் தளத்தில் நின்றுகொண்டு கயிறுகளால் அதை அடக்கி இறக்க வேண்டும். பிறகு சங்கிலியை ஏற்றுவது, வளையங்களின் தடிமனை அளப்பது, பாளத்தைத் தூக்குவது, மிதவையில் அப்பியிருக்கும் சிப்பிகளையும் பாசியையும் சுரண்டுவது, வண்ணம் அடிப்பது, விளக்கின் மின்கலங்களை மாற்றுவது என்று வேலை நீளும். எல்லாம் முடிந்தபின் அதை மீண்டும் சரியான இடத்தில் போட வேண்டும். செயற்கைக்கோள் வழிகாட்டி இல்லாத அந்த நாட்களில், கரையில் தெரியும் மூன்று அடையாளங்களுக்கு இடைப்பட்ட கோணங்களைச் செக்ஸ்டன்ட் கருவியால் இரண்டு பேர் அளந்து சொல்லிக்கொண்டே இருக்க, வரைபடத்தில் ஒருவர் கப்பலின் இடத்தைக் குறித்துக்கொண்டே இருப்பார். கணக்கு ஒத்துவந்த நொடியில் ஆணை பிறக்கும். சங்கிலியைப் பிடித்திருக்கும் கொண்டியை ஒருவர் சம்மட்டியால் தட்டி விடுவார். பாளம் நீரில் பாய, தளத்தில் வரிசையாகக் கிடத்தப்பட்ட சங்கிலி இடி போன்ற ஓசையோடு அதன் பின்னால் ஓடும். அந்தச் சமயத்தில் சங்கிலிக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. ஓடும் சங்கிலியின் வேகத்தை இந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் போல அறிந்தவர்கள் குறைவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் இதற்கு வர வேண்டியிருக்கிறது.

பிளாக்தார்னின் தொடக்கப் பணி, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பேரேரிகளில் பனிக்கட்டி உடைப்பது. சில மாதங்கள்தான். பிறகு அது பசிபிக் கரையில் கலிபோர்னியாவின் சான் பெட்ரோவுக்கு அனுப்பப்பட்டது. அங்கும் நெடுநாள் இல்லை. அடுத்து மெக்சிகோ வளைகுடாவுக்கு வந்து, அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தைத் தன் தளமாகக் கொண்டது. பின்னாளில் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் அதன் தளமாயிற்று. பனி உடைக்கவென்று முன்முனை அமைக்கப்பட்ட கப்பல், பனியே காணாத வெப்பக் கடலில் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தது. மெக்சிகோ வளைகுடா என்பது மிதவைக் கப்பலுக்கு ஓயாத வேலை தரும் கடல். கரை தட்டையானது, ஆழம் குறைவு, பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் வர வேண்டுமானால் தோண்டி ஆழப்படுத்திய குறுகிய வழிகளில்தான் வர முடியும், அந்த வழிகளின் இரு ஓரங்களையும் காட்டுவது மிதவைகள் மட்டுமே. சூறாவளி ஒன்று கடந்துபோனால் அவை இடம் பெயரும். அவற்றை மீண்டும் நிறுத்தும் வரை துறைமுகத்தைத் திறக்க முடியாது.

இந்த வேலைகளில் செய்தியாகும் அளவுக்கு ஒன்றும் இல்லை. இதே அமைப்பில் கட்டப்பட்ட சகோதரக் கப்பல்கள் சிலவற்றுக்கு வேறு வகையில் பெயர் கிடைத்தது. ஸ்பார், பிராம்பிள் என்ற இரண்டும் ஸ்டோரிஸ் என்ற மூன்றாவது கப்பலோடு சேர்ந்து 1957-இல் வட அமெரிக்காவின் உச்சியில் இருக்கும் வடமேற்குக் கடல்வழியைக் கடந்தன. சன்டியூ என்ற கப்பல் 1958 நவம்பரில், மிச்சிகன் ஏரியில் புயலில் உடைந்த கார்ல் டி. பிராட்லி என்ற சரக்குக் கப்பலின் ஆட்களைத் தேடி இரவெல்லாம் அலைந்து, 35 பேரில் உயிரோடு எஞ்சிய இருவரை மறுநாள் காலை ஒரு மிதப்புப் பலகையிலிருந்து மீட்டது. பிளாக்தார்னுக்கு அப்படிப்பட்ட புகழ் எதுவும் வாய்க்கவில்லை. தேடுதலும் மீட்பும் அதன் கடமைகளில் இருந்தன. ஆனால் அதன் பெரும்பாலான நாட்கள் சங்கிலியும் வண்ணமும் சிப்பி சுரண்டலுமாகவே கழிந்தன. ஒரு மிதவைக் கப்பலின் பணி வரலாறு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். அது ஒழுங்காக வேலை செய்த இடங்களில் எந்தக் கப்பலும் தரைதட்டாது. தரைதட்டாத கப்பலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இப்போது 1980. கப்பலுக்கு வயது 36. புளோரிடாவின் மேற்குக் கரையில் உள்ள டாம்பா துறைமுகத்தின் பழுதுபார்ப்புத் தளத்தில் பெரிய அளவில் பராமரிப்பு வேலைகள் நடந்து முடிந்திருந்தன. ஜனவரி 28 அன்று மாலை இருட்டியபின், 50 பேரோடு அது கால்வெஸ்டனை நோக்கிப் புறப்பட்டது. டாம்பாவிலிருந்து திறந்த கடலை அடைய நீண்ட விரிகுடா ஒன்றைக் கடக்க வேண்டும். விரிகுடா அகன்றதுதான், ஆனால் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் போகத் தோண்டிய வழி குறுகலாகவும், ஆங்காங்கே வளைந்தும் செல்லும். விரிகுடாவின் வாய்க்கு அருகில் சன்ஷைன் ஸ்கைவே என்ற நெடும்பாலம் அந்த வழியைக் குறுக்கே கடக்கிறது.

பிளாக்தார்னுக்குப் பின்னால் கசக்ஸ்தான் என்ற சோவியத் பயணிகள் கப்பலும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அது வேகமான கப்பல். முந்திச் செல்ல அனுமதி கேட்டது. பிளாக்தார்ன் வழிவிட்டது. அந்தக் கப்பல் முந்திப் போனபின், பிளாக்தார்ன் தன் வலப்பக்க ஓரத்தை ஒட்டிப் போகாமல், ஏறத்தாழ வழியின் நடுவிலேயே தொடர்ந்தது. எதிரே, எண்ணெய் ஏற்றிக்கொண்டு 605 அடி நீளமுள்ள காப்ரிகார்ன் என்ற கப்பல், துறைமுகப் பைலட் ஒருவரின் வழிகாட்டலில் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடுவே சென்ற கசக்ஸ்தான், பயணிகள் கப்பல்களுக்கே உரிய முறையில் தளத்துக்குத் தளம் விளக்குகள் எரிய ஒளிவெள்ளமாகப் போனது. அந்த ஒளியில் கண் கூசி, அதற்குப் பின்னால் வரும் சின்னக் கப்பலின் விளக்குகள் காப்ரிகார்னில் இருந்தவர்களுக்குப் புலப்படவில்லை. பிளாக்தார்னில் இருந்தவர்களுக்கும் காப்ரிகார்ன் அப்படியே மறைந்திருந்தது.

அந்த நேரத்தில் பிளாக்தார்னின் தலைமை அதிகாரி சுக்கான் அறையில் இல்லை. புதிதாகப் பழுதுபார்க்கப்பட்ட சுழலித் தண்டில் ஏதோ கோளாறு தெரிய, அதைப் பார்க்கப் போயிருந்தார். கப்பலைச் செலுத்தும் பொறுப்பு என்சைன் நிலையில் இருந்த ஓர் இளம் அதிகாரியிடம் இருந்தது. பாலத்துக்கு மேற்கே வழி வளையும் இடத்தில், உள்ளே வரும் காப்ரிகார்ன் தன் இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். அது திரும்பத் தொடங்கியதும், இரு கப்பல்களும் வழக்கப்படி இடப்பக்கத்தோடு இடப்பக்கமாக ஒன்றையொன்று கடப்பதற்கு இடமில்லாமல் போயிற்று. பைலட் வானொலியில் அழைத்துப் பார்த்தார், தொடர்பு கிடைக்கவில்லை. உடனே இரண்டு குறுகிய ஊதல்களை ஒலித்தார்.

இந்த ஊதலைச் சற்று விளக்க வேண்டும். அந்நாளில் அமெரிக்காவின் உள்நாட்டு நீர்வழிகளில் இருந்த விதிப்படி, ஊதல் என்பது எதிர்க்கப்பலோடு செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. இரண்டு குறுகிய ஊதல் என்றால், வலப்பக்கத்தோடு வலப்பக்கமாகக் கடப்போம் என்று கேட்பதாகப் பொருள். எதிர்க்கப்பல் அதே இரண்டு ஊதல்களால் பதில் தந்தால்தான் உடன்பாடு முடிந்தது. பதில் வராவிட்டால் எதிலும் உறுதியில்லை. வேகத்தைக் குறைத்து ஆபத்து ஊதலை ஒலிக்க வேண்டும். திறந்த கடலிலோ, கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அறிவிப்பதே ஊதல். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றிரவு ஊதப்பட்ட இரண்டு ஊதல்களுக்குப் பதில் ஊதல் வரவில்லை. பிளாக்தார்னின் சுக்கான் அறையில் குழப்பம். தலைமை அதிகாரி மோதலைத் தவிர்க்க ஆணையிட்டபோது காலம் கடந்திருந்தது. இரவு 8 மணி 21 நிமிடத்துக்கு இரண்டும் மோதின.

மோதல் மட்டும் என்றிருந்தால் பிளாக்தார்ன் பிழைத்திருக்கும் என்பது என் கணிப்பு. முதல் அடியில் ஏற்பட்ட சேதம் பெரிதில்லை. ஆனால் காப்ரிகார்னின் நங்கூரம், அவசரத்துக்கு உடனே இறக்கும்படி ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தது. குறுகிய வழியில் வரும் பெரிய கப்பல்கள் அப்படி வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்தான். எந்திரம் நின்றுபோனால் நங்கூரமே கடைசித் துணை. அந்த நங்கூரத்தின் முனை பிளாக்தார்னின் இடப்பக்கச் சுவரில் குத்தி, நீர்மட்டத்துக்கு மேலே அதைக் கிழித்துக்கொண்டு போய்ச் சிக்கிக்கொண்டது. இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று கடந்து விலகிக்கொண்டிருந்தன. இடையே நங்கூரச் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் சங்கிலிக்கு ஒரு முடிவு உண்டு. தளர்வு தீர்ந்து சங்கிலி இறுகிய சில நொடிகளில், பல்லாயிரம் டன் எடையுள்ள எண்ணெய்க் கப்பலின் இழுவையில் ஆயிரம் டன் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. 36 ஆண்டுகளாகச் சங்கிலிகளோடு பழகிய கப்பலை முடித்ததும் ஒரு சங்கிலியே.

இருட்டில் கவிழ்ந்த கப்பலுக்குள் இருந்தவர்களுக்குத் தரையும் கூரையும் இடம் மாறிப்போயின. மோதல் எச்சரிக்கை கேட்டு ஓரிடத்தில் கூடிய ஆறு பேர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். அண்மையில்தான் கப்பலில் சேர்ந்திருந்த சிலர் வழி தெரியாமல் எந்திர அறைக்குள் போய் அகப்பட்டார்கள். பேயூ என்ற இறால் பிடிக்கும் படகு ஒன்று பக்கத்தில் இருந்தது. நீரில் தத்தளித்தவர்களில் பெரும்பாலோரைத் தூக்கியெடுத்தது அந்தப் படகுதான். 50 பேரில் 27 பேர் பிழைத்தார்கள். 23 பேர் இறந்தார்கள். அமைதிக் காலத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை சந்தித்த மிகப் பெரிய உயிரிழப்பாக இதுவே குறிப்பிடப்படுகிறது.

இறந்தவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். வில்லியம் ஃபுளோரஸ், வயது 18, கடைநிலை மாலுமி. கப்பல் சாயத் தொடங்கியதும் அவரும் இன்னொருவரும் மிதப்புச் சட்டைகள் வைத்திருந்த பெட்டியைத் திறந்து, நீரில் குதித்தவர்களை நோக்கி அவற்றை எறிந்தார்கள். தளம் நிற்க முடியாத அளவுக்குச் சாய்ந்தபோது மற்றவர் வெளியேறினார். ஃபுளோரஸ் தன் இடுப்பு வாரைக் கழற்றி, பெட்டியின் கதவு மூடிக்கொள்ளாதபடி கட்டிவைத்தார். கப்பல் மூழ்கியபின், உள்ளே மிச்சமிருந்த மிதப்புச் சட்டைகள் திறந்த கதவு வழியே தாமாகவே மேலே மிதந்து வந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு சிலர் பிழைத்தார்கள். இப்படி யோசிப்பதற்கு வீரம் மட்டும் போதாது; தான் போனபின்னும் கதவு திறந்திருக்க வேண்டும் என்று அந்த நொடியில் தோன்ற வேண்டும். படையின் உயரிய பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது 2000-ஆம் ஆண்டில். 20 ஆண்டுகள் கழித்து. அந்தத் தாமதத்துக்கு எந்த நியாயமும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 2012-இல் பணியில் சேர்ந்த ஒரு விரைவுக் காவல் கப்பலுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்த விழா டாம்பாவிலேயே நடந்தது.

இனி, யார் தவறு என்ற உங்கள் கேள்வி. இரண்டு விசாரணைகள் நடந்தன. இரண்டும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. கடலோரக் காவல் படையின் விசாரணைக் குழு, இரு கப்பல்களையும் செலுத்தியவர்கள் தத்தம் வலப்பக்க ஓரத்தை ஒட்டிப் போகாததே முதன்மைக் காரணம் என்றது. உரிய ஊதல்களைப் பரிமாறி ஒருவர் நோக்கத்தை மற்றவர் உறுதிசெய்துகொள்ளத் தவறியதை அதற்கு அடுத்த காரணமாக வைத்தது. அதாவது, தவறு இரு பக்கமும் பகிரப்பட்டது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமோ வேறு கோணத்தில் பார்த்தது. பிளாக்தார்ன் வழியில் தனக்குரிய பக்கத்தில் போகாததையே காரணமாகக் காட்டி, அனுபவம் குறைந்த ஓர் இளம் அதிகாரியின் செயல்களைத் தலைமை அதிகாரி போதிய அளவு மேற்பார்வை செய்யாததே அதற்கு அடிப்படை என்றது.

நான் இரண்டாவது முடிவின் பக்கமே சாய்கிறேன். அதற்காக அந்த இளம் அதிகாரியைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. ஊதல் பரிமாறாதது கடைசி நிமிடத்தின் தவறு. வழியின் நடுவில் போனது அதற்கு முந்தைய பல நிமிடங்களின் தவறு. வலது ஓரத்தில் போயிருந்தால், கசக்ஸ்தானின் ஒளி மறைத்தாலும், வானொலி பதில் சொல்லாவிட்டாலும், ஊதலுக்கு யாரும் பதில் தராவிட்டாலும், காப்ரிகார்ன் திரும்ப இடம் இருந்திருக்கும். கண்ணும் காதும் கைவிடும் நேரத்தில் காப்பாற்றுவதற்காகத்தான் வலப்பக்கம் ஒட்டிப் போ என்ற விதி இருக்கிறது. ஆனால் படையின் குழுவை நான் முழுவதுமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். வளைவு நெருங்கும் இடத்தில், எதிரே என்ன வருகிறது என்று தெரியாமல் திரும்பிய பெரிய கப்பலுக்கும், பதில் கிடைக்காத ஊதலை நம்பிய அதன் பைலட்டுக்கும் பங்கு உண்டு. விசாரணை செய்த அமைப்பே விபத்தில் சிக்கிய கப்பலின் உரிமையாளராகவும் இருந்தது என்பதை முதல் அறிக்கையைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த அறிக்கை நேர்மையற்றது என்று சொல்லவில்லை; எந்தத் தவறை யார் மேல் எவ்வளவு வைப்பது என்பதில் இருக்கும் இடத்தைத்தான் சொல்கிறேன்.

இதற்குப் பிறகு படைக்குள் மாற்றங்கள் வந்தன. கப்பலின் தலைமைக்கும் துணைத் தலைமைக்கும் போகவிருக்கும் அதிகாரிகள் முன்கூட்டியே தனிப் பயிற்சி பெற வேண்டும் என்றாயிற்று. கப்பலைச் செலுத்தும் பொறுப்பை ஓர் அதிகாரிக்கு எப்போது தரலாம் என்பதற்கான அளவுகோல்கள் இறுக்கப்பட்டன. உள்நாட்டு நீர்வழி விதிகளும் அதே 1980-இல் புதிய சட்டமாகத் தொகுக்கப்பட்டு, அடுத்த ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்தன. அந்தச் சட்டம் இந்த விபத்தால் வந்தது என்று சிலர் எழுதுவது சரியல்ல. விதிகளை ஒன்றுசேர்க்கும் முயற்சி அதற்கு முன்பிருந்தே நடந்துவந்தது. சந்தேகம் வந்தால் ஊதலை மட்டும் நம்பாமல் வானொலியில் பேசி உறுதிசெய்துகொள்ளும் பழக்கம் மட்டும் இந்த விபத்துக்குப் பின் இன்னும் வலுத்தது எனலாம்.

டாம்பா விரிகுடாவின் துயரம் அந்த ஆண்டு அதோடு முடியவில்லை. நான்கு மாதம்கூட ஆகாத மே 9 அன்று காலை, கடும் மழைக்காற்றில் பார்வை மறைந்த சம்மிட் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் அதே ஸ்கைவே பாலத்தின் தூணில் மோத, பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 35 பேர் இறந்தார்கள். டாம்பாவில் உள்ளவர்களைக் கேட்டால் 1980 என்றதும் பாலத்தைத்தான் சொல்வார்கள். பிளாக்தார்ன் அங்கேயே இரண்டாவது இடத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டது. பாலத்தின் வடக்கு முனையில், நெடுஞ்சாலையின் ஓய்விடத்தில், இறந்த 23 பேருக்கும் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஜனவரி 28 அன்று அங்கே அஞ்சலி செலுத்துகிறார்கள்.

கப்பல் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூழ்கிய சில வாரங்களில் அதைத் தூக்கியெடுத்தார்கள். மீண்டும் பணிக்குக் கொண்டுவரும் நிலையில் இல்லை. ஆகவே மேற்கே மெக்சிகோ வளைகுடாவில், கரையிலிருந்து சுமார் 20 மைல் தொலைவில், ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் செயற்கைப் பவளத்திட்டாக அதை மூழ்கவிட்டார்கள். இன்று மீன் பிடிப்பவர்களும் நீரில் மூழ்கிப் பார்ப்பவர்களும் அங்கே போகிறார்கள். இதே வகையைச் சேர்ந்த மெஸ்கீட் என்ற கப்பலுக்கும் அப்படியொரு முடிவு நேர்ந்தது: 1989 டிசம்பரில், குளிர்காலத்துக்கு முன் மிதவைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது சுப்பீரியர் ஏரியில் பாறையில் ஏறி உடைய, அதையும் அங்கேயே அருகில் மூழ்கவிட்டார்கள். மிதவை எடுக்கும் வேலையின் நடுவிலேயே முடிந்துபோன கப்பல் அது. அந்த வகையில் பிளாக்தார்னைவிட அதன் முடிவே தொழிலோடு பொருந்துகிறது.

180 அடிக் கப்பல்களின் இடத்தை 1990-களின் நடுவிலிருந்து 225 அடி நீளமுள்ள ஜூனிப்பர் வகைக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன. அவற்றில் செயற்கைக்கோள் வழிகாட்டியும் கணினியும் சேர்ந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளினாலும் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கின்றன. செக்ஸ்டன்டில் கோணம் பார்த்துக் கூவ வேண்டிய ஆட்கள் இல்லை. பழைய முறையில் இந்த வேலை எப்படி நடந்தது என்று நேரில் பார்க்க விரும்பினால், மிச்சிகன் மாநிலத்தின் மனிஸ்டீ நகரில் அகேசியாவை அருங்காட்சியகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சில்லறை வேறுபாடுகள் தவிர அதுவும் பிளாக்தார்னும் ஒன்றே. முன் தளத்தில் போய் நின்று, தூக்குக் கையையும் விளிம்பின் தாழ்வையும் பார்த்தால், நான் மேலே விவரித்த வேலைக்கு எவ்வளவு சிறிய இடம் இருந்தது என்பது புரியும்.